கொம்பன் சிரிக்கும்வரை

மேல் டிவிசன் லயம், புலாவ் செபாங்
22 பிப்ரவரி 1931

அன்புள்ள தம்பி சிவசாமிக்கு அக்கா மீனம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். வயிற்றுப் பிள்ளை அசைகிறது. மலாக்கா டவுனில் உன் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று எழுது.

உன் மச்சானுடைய முப்பதாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உன் சீன முதலாளித் தவுக்கே லீவு தரவில்லை என்று ஆளிடம் சொல்லி அனுப்பினாய். ரயிலில் ஒரு மணி நேரம்தானே தம்பி. அடக்கம் செய்த அன்றும் மண் போட்டவுடனே திரும்பிவிட்டாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உனக்கும் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். இதை எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியின் தபால் பையில் போடவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.

எங்கள் டிவிசனுக்கு மேலே, காட்டு எல்லையில் வானம் முட்டுகிற மரம் ஒன்று இருக்கிறது. அதன் பொந்தில் ஒரு பெரிய பறவை குடும்பம் நடத்துகிறது. தலையில் கல் மாதிரி கொம்பு இருப்பதால் நம் ஆட்கள் கொம்பன் என்கிறார்கள். பெட்டை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டும். குஞ்சு வளரும்வரை அவளுக்கு அவன்தான் கஞ்சி. அந்தக் கொம்பைச் செதுக்கி விற்கச் சீனர்கள் தேடி வாங்குகிறார்களாம். எங்கள் கங்காணி நாகமுத்து முதலில் எங்கேயோ ஒரு தலையை எடுத்து விற்றுவிட்டான். அடுத்து பொந்துக்குள் இருக்கும் பெட்டை மேல் ஆசை வந்தது.

உன் மச்சான் போனதற்கு முதல் நாள் சாயங்காலம் நாகமுத்து எங்கள் வாசலில் வந்து நின்று, மரம் ஏற அவரைக் கூப்பிட்டான். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். உன் மச்சான், "கங்காணியாரே, பொண்டாட்டி ஆறு மாசம். இந்த நேரத்துல புருஷங்காரன் உயிரை எடுக்கக்கூடாது. அதுவும் குஞ்சு பொரிக்கிற பெட்டை. என்னால ஆகாது" என்றார். அவன் குரலை உயர்த்தவேயில்லை. "ரப்பர் விலை விழுந்து கெடக்கு. ஊருக்குத் திருப்பி அனுப்புற கப்பல் லிஸ்ட்ல யாரு பேரு போடணும்னு துரை என்னைத்தான் கேக்குறாரு. உங்க ரெண்டு பேரையும் எழுதிறட்டா?" என்றான்.

மறுநாள் நான் கீழ் நிரை மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, மரத்திலிருந்து விழுந்து இறந்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கள் குடித்துவிட்டுத் தேன் எடுக்கத் தானாக ஏறினான் என்று நாகமுத்து துரையிடம் சொன்னான். கனகரட்ணம் கிராணி அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வேறு சாட்சி கிடையாது. நான் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன் தம்பி. கள் வாடையே இல்லை. காலையில் குடித்த வரக்கோப்பி வாடைதான் இருந்தது.

நாகமுத்து அந்தத் தலைகளை டவுனில் யாரிடம் விற்கிறான்? விசாரித்து எழுது. தேனுக்கில்லை, தலைக்குத்தான் ஏறினார் என்று சொல்ல ஒரு சாட்சியாவது வேண்டும்.

உன் அக்கா,
மீனம்மா


மலாக்கா
15 மார்ச் 1931

அக்காவின் பாதங்களுக்குத் தம்பி சிவசாமியின் நமஸ்காரம். நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் பார்த்து அழுதேன். போனவர் வரப்போவதில்லை. கங்காணியோடு மோதாதே. அவன் நினைத்தால் உன்னைக் கப்பலேற்றிவிடுவான். பிள்ளை பிறந்ததும் இங்கே வந்துவிடு. பெரிய வீடுகளில் துணி துவைக்க ஆள் தேடுகிறார்கள். என் தவுக்கே நல்ல மனிதர். கருவாட்டு மூட்டை தூக்க வந்த என்னைக் கடையில் ஸ்டோர் பார்க்க வைத்திருக்கிறார்.

தலை வாங்குகிற ஆட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. டவுனில் எத்தனையோ தவுக்கே. யாரை என்று கேட்பது?

பேறுகாலத்துக்குக் காயச்சரக்கும் இரண்டு கெஜம் வெள்ளைத் துணியும் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
சிவசாமி


மேல் டிவிசன் லயம்
7 ஜூன் 1931

தம்பி சிவசாமிக்கு அக்காவின் ஆசீர்வாதம். நானும் உன் மருமகளும் சுகம். ஆம், பெண் பிள்ளை. சித்திரையில் பிறந்தாள். மாரியம்மா என்று பேர் வைத்தேன். அப்பன் நெற்றி, அப்பன் காது. நீ அனுப்பிய துணியில்தான் முதலில் சுற்றினோம்.

முப்பத்தோராம் நாளே ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நாகமுத்து எனக்குக் காட்டு ஓரத்து நிரையைக் கொடுத்திருக்கிறான். அட்டை அதிகம், பால் குறைவு. நானே லயத்தை விட்டு ஓடிவிடுவேன் என்று நினைக்கிறான். எனக்கு அந்த நிரைதான் வேண்டும். அங்கிருந்து அந்த மரம் தெரிகிறது.

கீரை பறிக்க வரும் மக் தீமா என்ற மலாய்க்கார அம்மாவோடு பழக்கம் ஆனது. கொம்பன் கூவினால் அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். கோடாலி விழுகிற மாதிரி டொக் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வரவர வேகம் கூடி, கடைசியில் பைத்தியக்காரன் மாதிரி ஒரு சிரிப்பு. காட்டையே உலுக்குகிற சிரிப்பு தம்பி. அவர்கள் பாஷையில் அதன் பேர் தெபாங் மெந்துவா. மாமியார் மாமனாரை வெட்டிச் சாய் என்று அர்த்தமாம். மாமியாரிடம் தீராத பகை கொண்ட மருமகன் ஒருவன் அவள் வீட்டுக்கு அடியில் போய், கால் தூண்களை ஒவ்வொன்றாக வெட்டினானாம். வீடு அவளோடு சரிந்ததும் நின்று சிரித்தானாம். கடவுள் அவனைப் பறவையாக்கிவிட்டார். இன்றுவரை வெட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறான்.

அன்று மத்தியானமே தண்ணீர்க் குழாயடியில் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். முடிவில் நானாக ஒரு வரி சேர்த்தேன். "அதோட தலையை எடுத்தவன் வீட்டுத் தூணையும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்குமாம். அந்த வீடு சாயுற அன்னைக்குத்தான் கடைசிச் சிரிப்பாம்."

எல்லாரும் நாகமுத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. எனக்கு அவர்கள் நம்பினால் போதும்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா


மலாக்கா
28 ஜூன் 1931

அக்காவுக்கு வணக்கம். மருமகள் பிறந்த சேதியைக் கடையில் எல்லாருக்கும் சொல்லி வாழைப்பழம் கொடுத்தேன். அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீ செய்வது பயமாக இருக்கிறது. பறவையை வைத்து விளையாடாதே. நம் ஊரில் ஆந்தை அலறினால் அம்மா உப்பைப் போட்டு அடுப்பை மூடுவாளே, அதெல்லாம் சும்மாவா? சாபம் யார் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

கங்காணி என்னைப் பற்றி ஏதாவது பேசினானா? சும்மாதான் கேட்டேன்.

தம்பி,
சிவசாமி


மேல் டிவிசன் லயம்
11 அக்டோபர் 1931

தம்பிக்கு. நாங்கள் சுகம். பிள்ளை குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாள். உனக்குக் காய்ச்சல் என்று ரயில்வே வேலைக்காரர் ஒருவர் சொன்னார். கஞ்சி வைத்துக் குடி. ஈரத்தில் படுக்காதே.

உன்னைப் பற்றி நாகமுத்து ஏன் பேசப்போகிறான்? அவனுக்குத் தன்னைப் பற்றிப் பேசவே நேரமில்லை.

நடந்ததைக் கேள். பக்கத்து நிரைக் கருப்பாயி வாய்த்துடுக்கு. ஒரு நாள் பதினோரு மணிக்கு ஸ்டோரில் பால் நிறுக்க நின்றோம். கொம்பன் ஆரம்பித்தது. டொக். "ஒண்ணு" என்றாள் கருப்பாயி. டொக். "ரெண்டு." மூன்றாவதுக்கு இன்னொருத்தி சேர்ந்தாள். பத்து வருமுன் வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் எண்ணினார்கள். இருபத்தி நாலில் சிரிப்பு வந்தது. எல்லாரும் கங்காணி வீட்டுத் தூண்களைப் பார்த்தோம். நிறை எழுதிக்கொண்டிருந்த நாகமுத்துவின் பென்சில் கீழே விழுந்தது.

மறுநாளும் எண்ணினோம். அதற்கு மறுநாளும். இப்போது ஆண்களும் எண்ணுகிறார்கள். அவன் வீட்டுக்கு விறகு வெட்டப் போகிற ஆள் நின்றுவிட்டான். மழையில் அவன் வாசல் படி ஒன்று இற்று விழுந்தது. அதைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. அவனே ஆணி அடித்தான். ஆணி அடிக்கும்போது பிள்ளைகள் தூரத்தில் நின்று எண்ணினார்கள்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கருப்பாயியை அறைந்துவிட்டான். துரை கூப்பிட்டு, "பறவை கூவினால் உனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்டாராம். இந்தத் துரை தமிழ் படித்துப் பரீட்சை கொடுத்தவர். நாகமுத்து சோறு இறங்காமல் மெலிந்துபோனான் என்று அவன் மகளே சொல்கிறாள். அந்தப் பெண்ணையும் புகைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெயமணியையும் போன தையில் கட்டிவைத்து வீட்டோடு வைத்திருக்கிறான். ஜெயமணி நல்ல பிள்ளை. "எப்ப மாமனார் வீட்டைச் சாய்க்கப் போற?" என்று அவனைக் கேலி செய்கிறார்கள். அவன் சிரித்துவிட்டுப் போகிறான். நாகமுத்து சிரிப்பதில்லை. மருமகனுக்கு முதுகைக் காட்டி உட்காருவதைக்கூட விட்டுவிட்டான்.

எனக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது தம்பி.

அக்கா,
மீனம்மா


மேல் டிவிசன் லயம்
20 மார்ச் 1932

தம்பி சிவசாமிக்கு. நானும் மாரியம்மாவும் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. போன கடிதம் எழுதி ஐந்து மாதமாகிறது, ஒரு வரி பதில் இல்லை. நான் இரண்டு கார்டு போட்டேன். காய்ச்சலா, கோபமா? எதுவானாலும் இதைப் படி. முடிந்துவிட்டது.

இந்த வருஷமும் அந்த ஜோடி பழைய பொந்துக்கே வந்தது. பெட்டை உள்ளே போய் அடைத்துக்கொண்டது. ஆண் காலையிலிருந்து கூவுகிறது. போன செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் பதினெட்டு எண்ணியிருப்போம். நாகமுத்து தராசைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இன்னைக்கே அது தலையைக் கொண்டாந்து இந்தத் தட்டுல வைக்கிறேன், எண்ணுங்கடி!" என்று கத்தினான். ரப்பர் ஷீட் கட்டு இறக்க வந்திருந்த ஜெயமணியைப் பார்த்து, "போ, ஏறு. பெட்டையை வெளிய எடுத்தா ஆணு தானா வரும். நான் துப்பாக்கி வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

ஜெயமணி கும்பிட்டான். "மாமா, உங்க மக மாசமா இருக்கா. நான் ஏற மாட்டேன்."

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நிமிஷம் அவன் ஏறட்டும் என்றுதான் நினைத்தேன். ஏறி விழட்டும், நாகமுத்து மகளும் என்னைப் போல் வெள்ளை கட்டட்டும், அதை இவன் தினமும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண் இரண்டு மாதம் முன்பு என் பிள்ளைக்கு மாந்தம் வந்தபோது வசம்பு உரைத்துக் கொடுத்தவள். அப்படியும் நினைத்தேன். பிறகு ஜெயமணி கும்பிட்ட கையைப் பார்த்தேன். என் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன்.

"யாரை ஏறச் சொல்றீங்க கங்காணியாரே? போன தடவை ஏறினவரு உங்களைக் கேட்டா ஏறினாரு? குடிச்சிட்டுத் தானாத்தானே ஏறினாரு? இவருக்கும் கள்ளு வாங்கிக் குடுங்க, தானா ஏறுவாரு" என்றேன்.

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "வாயை மூடுடி! மருதமுத்தும் இதையேதான் சொன்னான். பொண்டாட்டி மாசமா இருக்கா, ஏற மாட்டேன்னான். கப்பல் லிஸ்ட்ல பேரு போடுறேன்னதும் ஏறினானா இல்லையா? இவன் மட்டும் என்ன பெரிய..."

அதோடு நின்றுவிட்டான். உள்ளே மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த துரை வாசலுக்கு வந்து நின்றிருந்தார். பின்னால் கனகரட்ணம் கிராணி. துரை தமிழிலேயே, "இன்னொரு தரம் சொல்லு" என்றார். நாகமுத்து குனிந்து தராசை நிமிர்த்தப் போனான். கருப்பாயி சொன்னாள். பிறகு ஜெயமணி சொன்னான். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ஒரு பேச்சை அவன் வாயிலிருந்து எடுக்கத்தான் நான் இத்தனை மாதம் அட்டைக்கடி பட்டேன்.

இரண்டு நாள் விசாரணை நடந்தது. நாகமுத்துவின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, பழைய புத்தகத்தை எடுத்து, குடி என்று எழுதியிருந்த வரியை என் கண் முன்னால் அடித்தார். "எழுத முன்னம் உம்மட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணும். பிழை என்ரதுதான்" என்றார். அடித்த இடத்தில் என்ன எழுதினீர்கள், வாசியுங்கள் என்றேன். "கங்காணியின் வற்புறுத்தலால் ஏறி விழுந்து இறந்தார்" என்று வாசித்தார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி வேண்டும். எப்போது வருகிறாய்?

அக்கா,
மீனம்மா


மலாக்கா
27 மார்ச் 1932

அன்புள்ள அக்காவுக்கு ஆயிரம் நமஸ்காரம். நான் சுகம். காய்ச்சல்தான், அதனால்தான் எழுதவில்லை. மருமகளுக்கு முத்தம்.

கடிதத்தை நாலு தரம் படித்தேன். நீ ஜெயித்துவிட்டாய். மச்சானுடைய பேர் சுத்தமானது. இனி எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாக இரு. காதுகுத்துக்குக் கட்டாயம் வருவேன். தங்கத் தோடு செய்யச் சொல்லிவிட்டேன். சீர் தட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் தாய்மாமன் பொறுப்பு. நாள் மட்டும் சொல்.

நாகமுத்து போய்விட்டானா? போகும்போது ஏதாவது சொன்னானா?

தம்பி,
சிவசாமி


மேல் டிவிசன் லயம்
10 ஏப்ரல் 1932

சிவசாமிக்கு. நாங்கள் சுகம்.

நாகமுத்து போன ஞாயிற்றுக்கிழமை போனான். மகளும் ஜெயமணியும் அவனோடு போகவில்லை. துரை அவர்களுக்குத் தனி லயம் கொடுத்துவிட்டார். அவன் ரயிலேறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். தகரப்பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் எதிரில் போய் நின்றேன். அவன் என்னையும் பிள்ளையையும் பார்த்தான். பிறகு சொன்னான்.

"என்னை ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காத. கொம்பன் தலைக்கு ஆளு இருக்குன்னு என்னைத் தேடி வந்து சொன்னதே உன் தம்பிதான். அவன் தவுக்கேதான் வாங்கினான். மூட்டை தூக்கினவனுக்கு ஸ்டோர் வேலை எப்படிக் கெடச்சுதுன்னு அவனையே கேளு."

கேட்கிறேன். உண்மையா?

மீனம்மா


மலாக்கா
8 மே 1932

என்னைப் பெறாத தாயே, அக்கா. உன் காலில் விழுந்து எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உண்மைதான். தவுக்கே தலை கேட்டார். கொண்டுவந்தால் மூட்டை தூக்குவதிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடுகிறேன் என்றார். என் தோள் புண்ணாகியிருந்தது அக்கா. நாகமுத்துவைக் கூட்டிவந்து காட்டினேன். முதல் தலை வந்ததும் வேலை கொடுத்தார். அடுத்ததும் வேண்டும் என்றார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. பொந்து ரொம்ப உயரம், ஏற ஆள் இல்லையே என்று நாகமுத்து கேட்டான். மச்சான் ஊரில் பனை ஏறியவர், அவரைக் கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் மாட்டேன் என்பார், இவன் மிரட்டுவான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா?

நீ சாட்சி கேட்டு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் ஸ்டோரில் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் படித்தேன். என்னை அடி. செருப்பால் அடி. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

சிவசாமி


மலாக்கா
19 ஜூன் 1932

அக்காவுக்கு. பதில் இல்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன், கிடைத்ததா?

அந்த வேலையை விட்டுவிட்டேன். செர்காம் கடற்கரையில் மீன் இறக்குகிறேன். மாரியம்மாவின் தோடு தயாராகி வந்துவிட்டது. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். காதுகுத்து நாள் எழுது. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் நேரம் மட்டும் இருந்துவிட்டு, சோறுகூடச் சாப்பிடாமல் திரும்பிவிடுகிறேன். தாய்மாமன் இல்லாமல் காது குத்தக் கூடாது அக்கா.

சிவசாமி


மேல் டிவிசன் லயம்
17 ஜூலை 1932

சிவசாமிக்கு.

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எல்லாவற்றையும் படித்தேன்.

நாகமுத்து கெட்டவன். கெட்டவன் என்று தெரிந்தே அவனிடம் பதினாலு மாதம் வேலை செய்தேன். அவனை வெறுக்க எனக்குக் கஷ்டமாக இல்லை. உன்னிடம்தான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயமணி விழட்டும் என்று நினைத்ததைக்கூட உன்னிடம்தான் சொன்னேன். நீ படித்துவிட்டுத் தோடு செய்யச் சொன்னாய்.

போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பிள்ளைக்குக் காது குத்தினோம். ஜெயமணி மடியில் உட்காரவைத்தேன். அவன் முதலில், "எனக்கு அந்த உரிமை இல்லைக்கா" என்றான். நான் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி நிறைமாதத்தோடு சீர் தட்டைத் தூக்கி வந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தபோது பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான்.

கருப்பாயிக்கு எதுவும் தெரியாது. "தாய்மாமன் எங்கடி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"வரலையா?"

"இல்லை" என்றேன்.

பூசாரி குலப்பேர் சொல்லி அர்ச்சனை செய்தபோது தாய்மாமன் பேர் கேட்டார். ஜெயமணி பேரைச் சொன்னேன். இனி அவள் சடங்குக்கு ஓலை கட்டுவதும், கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். கோயிலில் வைத்துச் சொல்லியாகிவிட்டது.

உன் தோட்டைப் பிரிக்காமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிள்ளை காதில் இப்போதைக்கு ஈர்க்குச்சி போட்டிருக்கிறேன். அதுவே அவளுக்கு நன்றாக இருக்கிறது.

மருதமுத்து பெண்சாதி,
மீனம்மா